பதினான்காவது பாத்திரம்

எங்கள் ஊரில் மழை பெய்கிறது என்று சொல்லும் அதிகாரம் லீராய் ஒருவருக்குத்தான் உண்டு. முற்றவிற்பனை ஒழுங்குக் குழுவின் வானிலைத் துணைக்குழு அவர். துணைக்குழுவில் வேறு ஆள் கிடையாது. அவர் வீட்டு வேலியில் ஒரு மழைமானி மாட்டியிருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு அதைப் பார்த்துவிட்டு வந்து லீராய் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கு மழை. அதுவரை வானத்திலிருந்து எது விழுந்தாலும் குழுவின் பதிவேட்டில் அது மேகமூட்டம்தான்.

மே மாதத்து முதல் சனிக்கிழமை, காலை ஏழே முக்காலுக்கு, அந்த மேகமூட்டம் டார்லிஸின் வேன்மேல் சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பாதி மழை, பாதி பனி. மினசோட்டாவில் மே மாதத்தை நம்பி யாரும் ஸ்வெட்டரைப் பெட்டியில் வைப்பதில்லை.

"எட்டு அடிக்கிற வரைக்கும் கதவைத் தொறக்காதீங்கடி," என்றாள் டார்லிஸ். "போன வருஷம் பெக் ஏழு அம்பத்தெட்டுக்கே காலை வெளிய வெச்சான்னு லைப்ரரி நோட்டீஸ் போர்டுல பேரைப் போட்டுட்டாங்க."

"ஒரு கால்தான். மரத்துப் போச்சேன்னு நீட்டினேன்," என்றாள் பெக். "அதையும் எழுதியிருந்தாங்க. பேருக்குப் பக்கத்துல, 'ஒரு கால்'னு."

நாங்கள் மூவரும் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருடமாக ஒன்றாக வேலை செய்கிறவர்கள். என் பெயர் லாவோன். ஊரே தன் வீட்டில் வேண்டாததை முற்றத்தில் பரப்பி விற்கிற இந்த ஒரு சனிக்கிழமைக்காக வருஷம் பூராவும் காத்திருப்போம். எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. டார்லிஸ் பொருளைக் கையில் எடுத்து முகம் சுளிப்பாள். பெக் அதில் ஒரு கீறலைக் கண்டுபிடிப்பாள். நான் "வேணாம்டி, வா போலாம்" என்று இரண்டடி நடப்பேன். விற்கிறவர் பின்னாலிருந்து கூப்பிடுவார். பாதி விலைக்குப் படியும். நல்ல மனிதர்களை இப்படித்தான் நாங்கள் இருபத்திரண்டு வருடமாக மொட்டையடித்து வருகிறோம். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

முன்பெல்லாம் அவரவர் இஷ்டத்துக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சைக்கிளுக்காக இரண்டு பேர் சத்தம் போட்டுக்கொண்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ஒழுங்குக் குழு. அந்தச் சைக்கிள் துருப்பிடித்துப் போய்விட்டது, சண்டை போட்டவர்களில் ஒருவர் செத்துவிட்டார், இன்னொருவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். குழு மட்டும் ஐம்பத்திரண்டு விதிகளோடு ஆரோக்கியமாக இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே தலைவி மேவிஸ் ப்ரெக்கி. ஆரஞ்சு நிறச் சட்டையும் கையில் ஒலிபெருக்கியுமாக அவள் தெருவில் இறங்கினால் நாய்கள்கூட விலைச்சீட்டு ஒட்டிக்கொள்ளலாமா என்று யோசிக்கும்.

முதல் வீட்டில் ஒரு பெண் புத்தக மேஜைக்கு மேலே பெரிய குடை ஒன்றைத் தரையில் நட்டு வைத்திருந்தாள். நாங்கள் போன நேரம் மேவிஸ் அவளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கையில புடிச்சா அது குடை. தரையில நட்டா அது கட்டடம். கட்டடத்துக்கு நகராட்சி அனுமதி வாங்கியிருக்கீங்களா?"

"மழை பெய்யுதே மேவிஸ்!"

"பெய்யலாம். குழு இன்னும் அப்படி அறிவிக்கல."

அந்தப் பெண் குடையைப் பிடுங்கி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அவளால் விலைச்சீட்டைக் காட்ட முடியவில்லை, மாவு பிசைகிற மெஷினை நான் தட்டிப் பார்த்துக் குறை சொன்னபோது அதைத் தடுக்கவும் முடியவில்லை. காற்று வேறு அவளை அங்குமிங்கும் இழுத்தது. கேட்ட விலைக்கு எடுத்துக்கொண்டு போ என்றாள். கை ஒழிந்திருந்தால் அந்த விலைக்குத் தந்திருக்க மாட்டாள் என்று தெரிந்தே வாங்கினேன்.

பதினொரு மணிக்குள் ஏழெட்டு முற்றம் ஏறி இறங்கிவிட்டோம். அடுத்தது ஆர்வில் ஹாகன் வீடு என்றாள் டார்லிஸ். அங்கே வேண்டாம் என்றேன். ஏன் என்று இருவரும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

அவர் மனைவி ஐனெஸ் போன அக்டோபரில் இறந்துபோனாள். எங்கள் ஊரில் சாவு விழுந்தால் தேவாலயத்தில் ஒரு தாள் ஒட்டுவார்கள். பதினான்கு நாள், பதினான்கு கோடு. ஒரு கோட்டுக்கு ஒருத்தி பெயர் எழுதுவாள். அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்கு ஒரு ஹாட்டிஷ் கொண்டுபோய்க் கொடுப்பாள். கொத்துக்கறி, பீன்ஸ், காளான் சூப் எல்லாம் கலந்து, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி, கண்ணாடிப் பாத்திரத்தில் வேகவைத்த சாப்பாடு. தூக்கி எறிகிற அலுமினியத் தட்டில் கொடுத்தால் துக்கத்துக்கு மரியாதை இல்லை என்பது மேவிஸ் போட்ட விதி. தேவாலயத்தின் துக்க உணவுக் குழுவுக்கும் அவள்தான் தலைவி. பாத்திரத்துக்கு அடியில் காகித டேப்பில் பெயர் எழுதி ஒட்டியிருப்போம். சாப்பிட்டு, கழுவி, பெயரைப் பார்த்து அந்தந்த வீட்டுக்குத் திருப்பித் தர வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பெண்களுக்குத் தெரியும்.

என்னுடைய கோடு இரண்டாவது வியாழக்கிழமை. ஹாட்டிஷ் செய்தேன். சூடு ஆறாமல் துண்டில் சுற்றி டார்லிஸின் வேனில் வைத்தேன். வழியில் ஒரு வீட்டு வாசலில், வீடு காலி செய்கிறோம், எல்லாம் பாதி விலை என்று ஓர் அட்டை. அன்றைக்கும் தூறல். அஞ்சே நிமிஷம் என்று வண்டியைத் திருப்பினோம். வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. இரண்டு மணி நேரம் ஆனது. பசித்தது. பெக்கின் கைப்பையில் மூன்று பிளாஸ்டிக் ஸ்பூன்கள் இருந்தன.

மனைவியைப் பறிகொடுத்த மனிதனின் சாப்பாட்டை நாங்கள் மூன்று பேரும் வேனில் உட்கார்ந்து தின்று தீர்த்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துத் தாளில், என் பெயருக்கு நேரே, 'கொடுத்தாயிற்று' என்ற கட்டத்தில் நானே டிக் போட்டேன். அன்றிலிருந்து ஆர்வில் மளிகைக் கடையில் பால் வாங்கிக்கொண்டிருந்தால் நான் சோப்பு இருக்கிற பக்கம் ஓடிவிடுகிறேன்.

"அது அப்போடி," என்றாள் டார்லிஸ். "அவரு திங்கக்கிழமை பார்கோவுக்கு மக வீட்டோட போறாரு. ஐனெஸ் நல்ல தையல் மெஷின் வெச்சிருந்தா. வா."

ஆர்வில்லுக்கு எண்பத்து நான்கு வயது. கட்டம்போட்ட கம்பளித் தொப்பி நனைந்து காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அனுமதிச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் கார் ஷெட் காலியாக, உலர்ந்து, கதவு திறந்து கிடந்தது. மேஜையின் முன்கால் புல்லில் நிற்கிறதா, சிமெண்டில் நிற்கிறதா என்று லீராய் குனிந்து டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"கொஞ்சம் உள்ள தள்ளிக்கிட்டா நனையாதே லீராய்," என்றேன்.

"அவரோட அனுமதி முற்றத்துக்கு. ஷெட்டுக்குள்ள வித்தா அது ஷெட் விற்பனை. அதுக்கு ஃபாரம் வேற, மாசமும் வேற."

"பரவால்ல, பரவால்ல," என்றார் ஆர்வில். "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்."

என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

தையல் மெஷின் போய்விட்டிருந்தது. மேஜை நிறையக் கண்ணாடிப் பாத்திரங்கள்தான் இருந்தன. டார்லிஸ் ஒன்றை எடுத்து வழக்கம்போல முகத்தைச் சுளித்து, திருப்பிப் பார்த்தாள். சுளித்த முகம் அப்படியே நின்றுவிட்டது. என் பக்கம் காட்டினாள். அடியில் டேப்பில் அவள் பெயர்.

"அடியே, இது என்னுதுடி," என்றாள் மூச்சுக்குள்ளே.

"எது எடுத்தாலும் ரெண்டு டாலர்," என்றார் ஆர்வில். "ஐனெஸ் போனப்ப ஊர்ல எல்லாரும் குடுத்த பரிசும்மா இது. சாப்பாடு வெறுமன குடுத்தா போதாதா? ஒருத்தர்கூட மட்டமான பாத்திரத்துல குடுக்கல. விக்க மனசே வரல. மக வீட்டுல எனக்கு ஒரே ரூம்பு, எங்க வெக்கறது? பாருங்க, யாரு குடுத்தாங்கன்னு நான் மறந்துடக் கூடாதுன்னு அடியில பேரு வேற எழுதியிருக்காங்க."

அந்த இடத்தில் ஒரு மனுஷி என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். இரண்டு டாலரைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வர வேண்டும். ஆனால் இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"ரெண்டு டாலரா? ஓரத்துல கீறல் இருக்கே," என்றாள் பெக். அந்தக் கீறலைப் போட்டது டார்லிஸ்.

"வேணாம்டி, வா போலாம்," என்று என் வாய் சொல்லிவிட்டது. கால் இரண்டடி நடந்தும்விட்டது.

"இரும்மா, ஒரு டாலருக்கு எடுத்துக்கோங்க," என்றார் அவர்.

டார்லிஸ் தன் பாத்திரத்தைத் தானே பாதி விலைக்கு வாங்கினாள். அடுத்ததைத் திருப்பிப் பார்த்த பெக்குக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதில் அவள் பெயர். "என்னுதும் இருக்குடி!" என்று கத்திவிட்டாள். எதிர் வீட்டில் நின்ற மேவிஸ் காதில் அது விழுந்தது.

மேவிஸ் வந்தாள். ஒவ்வொரு பாத்திரமாகத் திருப்பினாள். ஐந்தாவதின் அடியில் 'எம். ப்ரெக்கி, தலைவி' என்றிருந்தது. அவள் மூக்கு நுனி சிவந்தது. ஆர்வில்லின் கல்யாணத்தில் சின்னப் பெண்ணாக முன்னால் பூக்கூடை தூக்கிப் போனவள் அவள். ஆனால் ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தபடியால், "மிஸ்டர் ஹாகன்," என்றாள். "விதி பதினேழு. பிறர் பொருளை விற்றல். குழு உடனே இந்த இடத்திலேயே கூடுது."

குழு கூடியது. குழு என்றால் மேவிஸ், லீராய், செயலாளர் ஃபிலிஸ். ஃபிலிஸ் பதிவேட்டையும் தன் கையையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்துக்கொண்டு உள்ளேயே எழுதினாள். நாங்கள் சாட்சிகள் என்பதால் நகரக் கூடாது என்றார்கள். பனிமழை பிடரி வழியாக முதுகில் இறங்கியது.

"இந்தப் பாத்திரமெல்லாம் திருப்பித் தர வேண்டியவை," என்றாள் மேவிஸ்.

ஆர்வில் பாத்திரங்களைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "திருப்பித் தரணுமா?" என்றார். "எனக்குத் தெரியாதே. இதெல்லாம் ஐனெஸ்தான்... யாரும் சொல்லலையே. ஏழு மாசமா எல்லாரும் என்னைப் பத்தி என்ன நெனச்சிருப்பாங்க?"

"நெனச்சாங்க," என்றாள் மேவிஸ். "டிசம்பர்ல உங்களைப் பத்தி வருத்தம் தெரிவிச்சுத் தீர்மானமே போட்டோம். மார்ச்சுல இன்னொண்ணு. துக்கத்துல இருக்கறவரைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு விதி இருக்கறதாலதான் உங்ககிட்ட சொல்லல."

"சொல்லியிருந்தா அன்னிக்கே கொண்டுவந்து குடுத்திருப்பேனே மேவிஸ்."

"குடுத்திருப்பீங்க. ஆனா விதி? நானா இந்த விதியை எழுதினேன்?" அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "சரி, எழுதினது நான்தான். ஆனா எழுதினப்புறம் அதை மீறற அதிகாரம் எனக்கே இல்ல. அதுதான் ஒழுங்கு. நான் இல்லாமப் போனாலும் இந்த ஊர்ல யாரும் யாருக்கும் இஷ்டத்துக்கு நல்லது பண்ணிடக் கூடாதுன்னுதான் நான் பத்தொம்பது வருஷமா பாடுபடறேன்."

லீராய் கைதட்டினார். கையுறை போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை.

ஃபிலிஸ் பைக்குள்ளிருந்து தேவாலயத்துத் தாளின் நகலை எடுத்தாள். எல்லாக் குழுவுக்கும் அவள்தான் செயலாளர், எல்லாத் தாளும் அவளிடம் இருக்கும். பெயர்களைப் படித்தாள். பாத்திரங்களை எண்ணினார்கள். பெயர் பதினான்கு. டிக் பதினான்கு. பாத்திரம், டார்லிஸ் கையில் இருந்ததையும் சேர்த்து, பதின்மூன்று.

"இரண்டாவது வியாழன்," என்று ஃபிலிஸ் படித்தாள். "லாவோன். கொடுத்தாயிற்று."

"லாவோனோட பாத்திரம் எங்க மிஸ்டர் ஹாகன்?" என்றாள் மேவிஸ். "காலையிலயே வித்துட்டீங்களா?"

டார்லிஸ் வானத்தைப் பார்த்தாள். பெக் தன் ஷூவைப் பார்த்தாள். நான் தரவே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதோடு ஊரில் என் கதையும் முடிந்தது. துக்க வீட்டுச் சாப்பாட்டைத் தின்றவள் என்று சாகும்வரை சொல்வார்கள். என் துக்கத்துக்கு யாரும் தாள் ஒட்டமாட்டார்கள்.

ஆர்வில் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

"அது நீலக் கலரு," என்றார். "கழுவறப்ப கை தவறி ஒடச்சிட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

என்னிடம் நீல நிறத்தில் பாத்திரமே கிடையாது.

நான் வாயைத் திறக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த நிமிஷத்துக்குள் ஃபிலிஸ் எழுதிவிட்டாள், ஆர்வில் பைக்குள் கையை விட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நேரம் போதவில்லை என்று சொல்லிச் சமாளிக்க மாட்டேன். அவர் பேனாவை எடுப்பதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"இல்ல மேவிஸ்," என்றேன் கடைசியில். "அவர் எதையும் ஒடைக்கல. நான் பாத்திரம் குடுக்கவே இல்ல. சாப்பாடும் குடுக்கல."

"உன் டிக் இருக்கே."

"பொய் டிக்."

"லாவோன், யோசிச்சுப் பேசு. குடுத்தேன்னு உன் டிக் சொல்லுது. வாங்கி ஒடச்சேன்னு அவர் கையெழுத்து சொல்லுது. ரெண்டு சாட்சியும் ஒண்ணா நிக்குது. அதுக்கு எதிரா பேசறது நீ ஒருத்திதான்."

"ரெண்டுல ஒரு சாட்சியே நான்தானே!"

"அதேதான் சொல்றேன். தன்னையே மறுத்துப் பேசற ஆளோட வார்த்தையைக் குழு எப்படி நம்பும்? ஆட்சேபணை இருந்தா அடுத்த மே மாசம் எழுதிக் குடு. ஃபிலிஸ், தீர்ப்பு எழுது. ஒடஞ்சதுக்கு ஈடா மிஸ்டர் ஹாகன் தன் சமையலறையிலேர்ந்து அதே அளவு பாத்திரம் ஒண்ணு லாவோனுக்குத் தரணும். இப்பவே."

"எனக்கு வேணாம்," என்றேன்.

"ஈட்டை வாங்காம போறது பொருளை முற்றத்துல கைவிடறதுக்குச் சமம். விதி நாப்பத்தொண்ணு. பேரு போர்டுல வரும்."

அப்போது மணி பன்னிரண்டு. லீராய் ஓடிப்போய் மழைமானியைப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே இருந்தது முழுக்கப் பனிக்கட்டி, மானி தண்ணீரை மட்டும்தான் அளக்கும், ஆகவே மழை இல்லை என்று அறிவித்தார். விற்பனை நான்கு மணி வரை தொடரும். மேவிஸ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, கைக்குட்டையைப் பிழிந்தாள்.

ஆர்வில் வீட்டுக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன். டார்லிஸும் பெக்கும் வேனுக்கு ஓடிவிட்டார்கள்.

சமையலறையில் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் கட்டி வைத்திருந்தார். வெளியே ஒரு தட்டு, ஒரு கப், ஒரு முள்கரண்டி. அவர் ஒரு பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் விறைத்துப் போயிருந்ததால் முடிச்சு வரவில்லை. நான் அவிழ்த்துக் கொடுத்தேன்.

"ஏன் ஆர்வில் அப்படிச் சொன்னீங்க?"

"நான் திங்கக்கிழமை போயிடுவேன். என் பேரு போர்டுல இருந்தா எனக்கென்ன? நீ இங்கதானே இருக்கணும்." பெட்டிக்குள் கையை விட்டு செய்தித்தாளில் சுற்றிய ஒரு பாத்திரத்தை எடுத்தார். ஐனெஸ்ஸுடையது. "அந்த வியாழக்கிழமை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா. தினமும் அஞ்சு மணியானா பெல் அடிக்கும். யாராவது வருவாங்க. பரவால்ல, பரவால்லன்னு சொல்லி அனுப்பிட்டு உக்காந்து சாப்புடுவேன். அன்னிக்கும் தட்டை எடுத்து வெச்சிட்டு உக்காந்திருந்தேன். பெல் அடிக்கல. எட்டு மணி வரைக்கும் அடிக்கல. அன்னிக்குத்தான் மொதமொதல்ல அழுதேன். அதுவரைக்கும் யாரும் அழ விடல."

அவர் குறை சொல்கிறாரா, நன்றி சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டில் எது என்றாலும் எனக்குத் தாங்காது. நான் செய்ததில் பாதியை அவரே மன்னித்துவிட்டார், மீதிப் பாதி அவருக்குத் தெரியாது. அதை மறைத்து வைத்துக்கொண்டு அந்தப் பாத்திரத்தை வாங்க என் கை நீளவில்லை.

"ஆர்வில், நான் மறந்து போகல. ஹாட்டிஷ் செஞ்சேன். துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்துட்டே இருந்தேன். வழியில ஒரு விற்பனை. பாதி விலைன்னு போட்டிருந்துச்சு. வரிசையில நின்னு பசிச்சுது. உங்க சாப்பாட்டை நாங்க மூணு பேரும் வேன்லயே தின்னுட்டோம்."

அவர் செய்தித்தாளை மெல்லப் பிரித்தார். மடித்தார். மேஜைமேல் வைத்தார். ஜன்னல் கண்ணாடியில் பனி அடித்துக்கொண்டிருந்தது.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றேன். அதற்கு மேல் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.